நைட் விஷன் மோனாகுலரை அடிபடாமல் வைத்திருப்பது: பெங்களூருவிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

நைட் விஷன் மோனாகுலர், அதாவது இருட்டில் ஒற்றைக் கண்ணில் வைத்துப் பார்க்கும் கருவி, வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது இரண்டே கேள்விதான். எவ்வளவு தூரம் தெரியும்? வீடியோ எடுக்குமா? இரண்டு மழைக்காலம் வைத்துப் பயன்படுத்திய பிறகு நான் சொல்வது: கயிறு மாட்டும் கொக்கி எங்கே இருக்கிறது, எதனால் செய்தது என்று முதலில் பாருங்கள். தூரமெல்லாம் அப்புறம்.

என்னுடையது டிஜிட்டல் வகை. முன்னால் லென்ஸ், அதற்குப் பின்னால் ஒளியைப் படமாக்கும் சீமாஸ் சென்சார், கண் பக்கம் குட்டித் திரை, தலைமேல் 850 நானோமீட்டர் இன்ஃப்ராரெட் (அகச்சிவப்பு) விளக்கு. இந்த வகையில் வருகிற பெரும்பாலானவற்றில் இருப்பது இதுதான். மொட்டைமாடியில் ஆந்தையும் பழந்தின்னி வௌவாலும் பார்ப்பேன். கனகபுரா ரோட்டில் நண்பனின் தென்னந்தோப்புக்கு எடுத்துப் போவேன். அனுமதியோடு நடக்கும் தேவாங்கு கணக்கெடுப்புகளுக்கும் போவதுண்டு. தேவாங்கு என்றால் கரூர், திண்டுக்கல் பக்கத்துக் கடவூர் சரணாலயம்தான் நம் ஆட்களுக்கு நினைவு வரும்; 2022இல் அறிவித்தார்கள். பெங்களூருவுக்குள்ளேயே, இந்திய அறிவியல் கழக வளாகம் மாதிரி மரம் மிச்சமிருக்கும் இடங்களில் அது இருக்கிறது என்று சொன்னால் இங்கேயே பிறந்தவர்கள்கூட நம்புவதில்லை.

முதலில் பெட்டியில் அச்சடித்திருப்பதைப் பற்றி. ஐபி67 என்று போட்டிருந்தால் "கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது" என்று விற்பவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அந்த 6 தூசிக்கு. 7 தண்ணீருக்கு, அதாவது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். விழுவதைப் பற்றி அந்த எண்ணில் ஒரு வார்த்தை கிடையாது. விழுவதைச் சோதிப்பது வேறு. அமெரிக்க ராணுவத்தின் எம்ஐஎல்-எஸ்டிடி-810 தரத்தில் கையில் எடுத்துப்போகும் கருவிகளுக்கு 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 26 முறை போடுவார்கள்: ஆறு முகம், பன்னிரண்டு விளிம்பு, எட்டு மூலை. அந்த 26ஐயும் ஒரே கருவி தாங்க வேண்டும் என்றில்லை, ஐந்து கருவிகள் வரை பிரித்துக்கொள்ளலாம். தவிர, கண்ணில் வைத்துப் பார்க்கும்போது மோனாகுலர் இருப்பது ஒன்றரை மீட்டர் உயரத்தில். அங்கிருந்து நழுவினால் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகம். கீழே இருப்பது நம்மூர் நடைபாதையின் கருங்கல் பலகை.

ராணுவத்தில் புழங்கும் ட்யூப் வகையாக இருந்தால் கவலை வேறு மாதிரி. அதற்குள் காற்று நீக்கிய குழாய், ஒளியை எலக்ட்ரானாக்கும் தகடு, அதைப் பெருக்கும் நுண்துளைத் தகடு, பச்சையாக ஒளிரும் திரை எல்லாம் இருக்கும். பலமாக அடிபட்டால் படத்தில் கரும்புள்ளி விழலாம். பகல் வெளிச்சத்தில் திறந்தாலும் கெட்டுப்போகலாம். டிஜிட்டலுக்கு அந்தப் பயம் இல்லை. இதில் அடி வாங்குவது லென்ஸ் உட்காரும் இடம், ஃபோகஸ் வளையம், பேட்டரி மூடி, யூஎஸ்பி துளையின் ரப்பர் மூடி. மேலே போட்டிருக்கும் தடித்த ரப்பரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது பிடிமானத்துக்கு. லென்ஸின் விளிம்பு அந்த ரப்பரைத் தாண்டி வெளியே நிற்கிற மாடல்கள் நிறைய.

உறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எஸ்பி ரோட்டில் ஐநூறு ரூபாய்க்குள் கிடைத்த ஈவிஏ கெட்டி உறை போதும். உள்ளே மெத்தை ஸ்பாஞ்ச் வைக்காதீர்கள், ஒரே அழுத்தில் அடிமட்டம் வரை போய்விடும். டிவி, பிரிண்டர் பெட்டிக்குள் வருமே, விரலால் அழுத்தினால் மெல்ல மீளும் வெள்ளை ஃபோம், அதைக் கருவியின் வடிவத்துக்கு வெட்டி வைத்தேன். குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. அவ்வளவுதான் விதி.

உறையால் பயன் இல்லை என்று சொல்ல வரவில்லை. உறைக்குள் இருக்கும்போது யாரும் கருவியைக் கீழே போடுவதில்லை என்பதுதான் விஷயம். விழுவதெல்லாம் வெளியே எடுத்தபின். நான் பார்த்தவரை மூன்று நேரங்கள்: பேட்டரி மாற்றும்போது, நடந்துகொண்டே பார்க்கும்போது, கை மாறும்போது. மூன்றும் இருட்டில்.

நடந்துகொண்டே பார்ப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். மோனாகுலரின் திரை அந்தப் பழக்கத்தை ஒரு கண்ணில் அழித்துவிடுகிறது. எடுத்தவுடன் அந்தக் கண்ணில் ஒன்றுமே தெரியாது. மற்றக் கண்ணில் லேசாகத் தெரியும். ஒற்றைக் கண்ணால் உருப்பெருக்கிப் பார்த்துவிட்டு வருவதால் படி எவ்வளவு ஆழம், வேர் எவ்வளவு உயரம் என்ற கணக்கும் தவறும். கால் இடறினால் கை தானாக விரியும். அப்புறம் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. திரை வெளிச்சத்தை இருப்பதிலேயே குறைந்த அளவில் வைப்பதும், நின்று பார்த்து, இறக்கிவிட்டு, அப்புறம் நடப்பதும் நான் செலவில்லாமல் செய்துகொண்ட பாதுகாப்பு.

கை மாறுவது இன்னும் மோசம். தோப்பில் ஓர் இரவு மரநாய் ஒன்று தென்னையில் ஏறிக்கொண்டிருந்தது. "மாப்ள, குடுறா குடுறா" என்று நண்பன் அவசரப்பட, நீட்டியதற்கும் பிடித்ததற்கும் நடுவில் கருவி கீழே போனது. மண் தரைதான். ஆனால் ஒதுக்கி வைத்திருந்த தேங்காய் மட்டைமேல் முன்பக்கம் குத்தி விழுந்தது. வேலை செய்தது, வெளியே கீறல்கூட இல்லை. மரநாய் என்னவோ நிம்மதியாக மேலே போய்விட்டது.

அடிபட்டதா இல்லையா என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி உண்டு. தூரத்து செல்போன் டவரின் சிவப்பு விளக்கை நடுவில் வைத்து ஃபோகஸ் செய்ய வேண்டும். பிறகு கருவியை மெதுவாகத் திருப்பி அந்தப் புள்ளியை நான்கு மூலைக்கும் கொண்டுபோகவேண்டும். எல்லா மூலையிலும் ஒரே அளவு மங்கினால் அது அந்த லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் புள்ளிக்கு வால் முளைத்தால் லென்ஸ் சாய்ந்திருக்கிறது. அன்றைக்கு அப்புறம் என்னுடையதில் வலது மேல் மூலையில் சின்ன வால். இன்றுவரை இருக்கிறது. வாங்கிய அன்றே இந்தச் சோதனையைச் செய்து படமெடுத்து வைத்துக்கொண்டால், பிறகு ஒப்பிட வசதி.

இப்போது யார் கேட்டாலும் முதலில் கயிற்றைக் கொடுப்பேன். அவர்கள் மணிக்கட்டில் மாட்டி "பிடிச்சிட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் விடுவேன். பெரியவர், சிறியவர் எல்லாருக்கும் இதே.

அந்தக் கயிற்றின் கதை. கூடவே வந்தது கைபேசிக்குப் போடுவது மாதிரி மெல்லிய நாடா, நுனியில் பிளாஸ்டிக் கிளிப். அல்சூரில் பை தைக்கும் பெரியவரிடம் அதைத் தடிமனாக்கித் தரச் சொன்னேன். கிளிப்பை நகத்தால் நெம்பிப் பார்த்தவர், "தம்பி, கயிறு எவ்ளோ தடியா போட்டாலும் மொதல்ல போறது இதுதான்" என்று கிளிப்பை வெட்டியே எறிந்துவிட்டார். பாராசூட் கயிற்றின் உள்ளிழை போல மெல்லிய நைலானைக் கொக்கிக்குள் இரட்டையாக நுழைத்து, சுருக்குப் போட்டு, மறுமுனையைப் பட்டை நாடாவோடு சேர்த்து, கட்டம் போட்டுக் குறுக்கே பெருக்கல் குறியாகத் தைத்தார். நான் பார்த்ததிலேயே பிரிய வழியில்லாத தையல் அதுதான்.

கழுத்துக் கயிற்றையும் முயன்று பார்த்தேன். நீளமாக இருந்தால் குனியும்போதெல்லாம் கோயில் மணி மாதிரி ஆடிப் பாறையிலும் மரத்திலும் மோதுகிறது. நெஞ்சுக்குழி அளவுக்குக் குட்டையாக்கி, நடக்கும்போது ஜாக்கெட்டுக்குள் விட்டுவிட்டால் சரி. பைக் ஓட்டும்போது மட்டும் கழுத்தில் எதுவும் வேண்டாம்.

அடியில் ட்ரைபாட் மாட்டும் கால் அங்குலத் துளை இருக்கும். வளையம் வைத்த திருகு ஒன்றை அதில் போட்டு இரண்டாவது கயிறு கட்டலாம். ஆனால் வண்டி அதிர்வில் அது தானாகக் கழலும், எடுக்கும்போதெல்லாம் ஒரு காசால் முடுக்கிப் பார்க்கவேண்டும்.

வண்டி என்றதும் நம்மூர் ஹம்ப்கள், வேகத்தடைகள். பைக்கின் பக்கப் பெட்டியில் வைத்தால் ஒவ்வொரு ஹம்பும் நேராகக் கருவிக்குப் போகும். முதுகுப் பையில் வைத்தால் பாதியை நம் உடம்பு வாங்கிக்கொள்கிறது. பேட்டரியைக் கழற்றித் தனி டப்பாவில் வைப்பதும் பழக்கமாகிவிட்டது. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளமுள்ள அந்த 18650 செல் உள்ளே முன்னும் பின்னும் இடித்து ஸ்பிரிங்கைத் தளர்த்திவிடும். பிறகு லேசாகத் தட்டினாலே கருவி அணைந்துபோகும். செல் விழுந்து நசுங்கியிருந்தால், வேலை செய்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். லித்தியம் செல்லுக்குள் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.

லென்ஸ் முனைக்கு நான் போட்டது பழைய சைக்கிள் ட்யூபின் ஒரு துண்டு. பஞ்சர் கடையில் சும்மாவே கொடுத்தார்கள். மோதிரம் போல வெட்டி, கண்ணாடியைத் தாண்டி நான்கைந்து மில்லிமீட்டர் நீட்டி மாட்டினால், முன்பக்கமாக விழும்போது முதலில் தரையைத் தொடுவது ரப்பர். தேங்காய் மட்டை சம்பவத்துக்கு முன்னால் இது இல்லை. அதிகம் நீட்டினால் சிக்கல். இன்ஃப்ராரெட் வெளிச்சம் ரப்பரின் உள்விளிம்பில் பட்டுத் திரும்பி, படத்தின் ஒரு ஓரம் சாம்பலாக வெளுக்கும். நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் ரப்பர் எல்லாம் இன்ஃப்ராரெட்டில் கறுப்பு இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, இருட்டில் சுவரைப் பார்த்து, வெளுப்பு மறையும் இடத்தில் நிறுத்தினேன்.

இதே காரணத்தால்தான் விளக்கையும் லென்ஸையும் சேர்த்து மூடும் ஒரே கண்ணாடியோ பிளாஸ்டிக் தாளோ ஒட்டக் கூடாது. கைபேசித் திரைக்கு ஒட்டும் தாளை வெட்டி ஒட்டினார் என்னோடு கணக்கெடுப்புக்கு வரும் அண்ணன் ஒருவர். பகலில் பளிச்சென்று இருந்தது. இரவில் விளக்கைப் போட்டதும் படம் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி. லென்ஸுக்கு மட்டும் தனியாக ஒட்டினால் பிரச்சினை இல்லை.

இத்தனைக்குப் பிறகும் போனது யூஎஸ்பி துளையின் ரப்பர் மூடி. அடிபட்டுப் போகவில்லை, திறந்து மூடியே கிழிந்தது. சர்வீஸ் சென்டரில் கேட்டால் அது தனியாக வராது, முழு உடலையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். இப்போதைக்கு மின்சார வேலைக்குப் போடும் கறுப்பு டேப். செல்லை வெளியே எடுத்துத் தனி சார்ஜரில் போடுவதால் அந்தத் துளையைத் திறக்கும் அவசியமும் இல்லை. அடுத்து வாங்கினால் கழற்றும் பேட்டரி உள்ளதை மட்டும்தான் பார்ப்பேன், அதுவும் கொக்கி உலோகத்தில் இருந்தால்.