பதாகை வானத்திலா, அறிவிப்பு ஆட்டோவிலா?

முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குத் திரளும் சனத்தைப் பார்த்து, சிறு விமானத்தில் விளம்பரப் பதாகை இழுக்கலாமா, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டலாமா என்று யோசிப்பவர்களுக்கு:

ஆபத்து
விமானம்: இரு கம்பங்களுக்கிடையே கட்டிய பதாகையின் கயிற்று வளையத்தைத் தாழப் பறந்து கொக்கியால் கவ்வி, உடனே மூக்கைத் தூக்கி ஏறவேண்டும். உயிர் போவது இங்கேதான். வேகம் விழுந்து இறக்கை தூக்குவிசையை இழந்தால், மீள உயரம் இருக்காது. கொக்கி வாலிலோ சில்லிலோ மாட்டுவதும் உண்டு. பிறகும் பதாகையின் இழுவையால் வேகம் குறைவு, இயந்திரத்துக்கு வேலை அதிகம். காற்றோட்டம் போதாமல் சூடேறும். வன்னி வெக்கையில் காற்றின் அடர்த்தி குறைய, வலுவும் குறையும். இயந்திரம் நின்றால் மூக்கைத் தாழ்த்தி, பதாகையைக் கழற்றிவிட வேண்டும். கீழே சனம் நின்றால் எங்கே விடுவது? இறங்கலாமென்றால் வயல்வெளியிலும் வரம்பு, மின்கம்பி. சில இடங்களில் இன்னும் கண்ணிவெடி. நந்திக்கடலோரம் நீர்ப்பறவைகள் வேறு.
ஆட்டோ: ஒலிபெருக்கிப் புனலை இறுக்கிக் கட்டாவிட்டால் குழியில் கழன்று விழும். அவ்வளவுதான்.

செலவு
விமானம்: விமானி, எரிபொருள், தரைக்குழு, காப்புறுதி, விமானப் போக்குவரத்து அனுமதி.
ஆட்டோ: சாரதி கூலி, பெற்றோல், மின்கலம், பொலிஸ் அனுமதி.

சேதி
விமானம்: எழுத்து ஐந்தடி உயரம் என்றாலும் சில சொற்களையே வாசிக்கலாம். காட்டோர வீடுகளுக்கு மரம் மறைக்கும்.
ஆட்டோ: திகதி, நேரம், இடம் எல்லாம் சொல்லலாம், ஒழுங்கைக்குள்ளும் போகும்.

முல்லைத்தீவுக் கடற்கரை நிகழ்வென்றால், கரையை விட்டு விலகிக் கடலுக்கு மேலேயே பறப்பதானால் மட்டும் விமானத்தை யோசிக்கலாம். கோயில் சனத்துக்கு மேலே வேண்டவே வேண்டாம். ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஆட்டோதான்.