7.83 ஹெர்ட்ஸ் பெட்டி விற்க வருகிறார்கள்: பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வீட்டில் ஸ்டீரியோ வைத்துப் பாட்டுக் கேட்பவர்களைத் தேடிப் பிடித்து, "மின்காந்த மாசை நீக்கி ஒலியைத் தெளிவாக்கும்" என்று சொல்லி, 7.83 ஹெர்ட்ஸ் அலையைப் பரப்பும் பெட்டி, ஸ்டிக்கர், வளையம் என்று விற்கும் வியாபாரம் நம் ஊர்களிலும் நடக்கிறது. திருச்சியில் இருக்கும் என் மாமாவிடம் இப்படி 28,500 ரூபாய் கறந்துவிட்டார்கள். அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்டு நடையாய் நடந்துகொண்டிருப்பவன் நான். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

மாமாவிடம் இருப்பது ஒரு பழைய டர்ன்டேபிள், ஓர் ஆம்ப்ளிஃபயர், தேக்குப் பெட்டியில் அடைத்த இரண்டு ஸ்பீக்கர்கள், அலமாரி நிறைய நாகஸ்வர இசைத்தட்டுகள். பொங்கலுக்கு வெள்ளையடித்த பிறகு ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் தொடங்கியது. தோடி ஆலாபனையில் வித்வான் மூச்சு வாங்கும் இடத்தில் அது மட்டும் தனியாகக் கேட்கும். ஸ்பீக்கர் கம்பி வாங்கப் போன கடையில் மாமா இதைச் சொல்லியிருக்கிறார். அவர்கள் விடுவார்களா? "வைஃபை, செல்போன் கோபுரம், மைக்ரோவேவ் எல்லாம் சேர்ந்து காற்றே கெட்டுக் கிடக்கிறது சார். பாவம், உங்கள் ஆம்ப்ளிஃபயர் என்ன செய்யும்?" என்று சொல்லி, மறுநாளே ஓர் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஆள் செய்துகாட்டிய சோதனையைக் கொஞ்சம் கவனியுங்கள். முதலில் பெட்டி இல்லாமல் ஒரு தட்டைப் போட்டார். பிறகு பெட்டியை இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் வைத்தார். நீல விளக்கு எரிந்தது. அதே தட்டை அதே இடத்திலிருந்து மறுபடி போட்டார். ஊசியை வைத்துவிட்டுத் திரும்பும்போது அவர் கை வால்யூம் குமிழையும் தொட்டுவிட்டு வந்ததை அத்தை பார்த்திருக்கிறார். "ஏன் தம்பி, சத்தம் கூடியிருக்கிறதே?" என்று கேட்டதற்கு, "அதுதான் அம்மா பெட்டியின் வேலை" என்று பதில் வந்திருக்கிறது. ஒலி ஒரு டெசிபல் அளவுக்கு ஏறினால் நம் காதுக்குச் சத்தம் கூடியதாகத் தோன்றாது, தெளிவு கூடியதாகவே தோன்றும். ஆடியோ விற்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. போதாததற்கு, "தவில் இப்போது பின்னால் தள்ளி நிற்கிறதா சார்?" என்று பதிலையும் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டிருக்கிறார்.

இரைச்சல் மட்டும் போகவில்லை. பெட்டி வீட்டுக்குப் 'பழக' ஒரு மாதம் ஆகும் என்றார். பிடிக்காவிட்டால் 15 நாளுக்குள் திருப்பித் தரலாம் என்றும் அவரேதான் சொன்னார்.

இனி அந்த 7.83 ஹெர்ட்ஸ் விஷயம். இது முழுப் பொய்யாக இருந்தால் எளிதில் மறுத்துவிடலாம். பாதி உண்மையாக இருப்பதுதான் தொல்லை. பூமியின் தரைக்கும் மேலே இருக்கும் அயனி மண்டலத்துக்கும் இடையில், மின்னல்களால் கிளம்பும் மின்காந்த அலைகள் உலகைச் சுற்றி வந்து ஒத்ததிர்கின்றன. வின்ஃபிரீட் ஓட்டோ ஷூமன் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் 1952-இல் இதைக் கணித்துச் சொன்னார். அதன் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 7.83 ஹெர்ட்ஸ். அலைநீளம் சுமார் 38,000 கிலோமீட்டர், அதாவது கிட்டத்தட்ட பூமியின் சுற்றளவு. இவ்வளவும் பாடப்புத்தக அறிவியல். "ஆகவே இதைக் கேட்டால் நாகஸ்வரம் இனிக்கும்" என்பது மட்டும் கடைக்காரரின் சொந்தச் சரக்கு.

மனிதக் காதுக்கு 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே பொதுவாக எதுவும் கேட்பதில்லை. காற்றில் அலை கலந்து கருவியைத் திருத்தும் என்றால், அந்த அலையின் வலு என்ன? ஷூமன் அதிர்வின் காந்தப்புலம் ஒரு பிகோடெஸ்லா அளவில் இருக்கிறது. ஸ்பீக்கருக்குள் சுருள் அசையும் இடைவெளியில் இருக்கும் காந்தப்புலம் ஒரு டெஸ்லாவை ஒட்டியது. லட்சம் கோடியில் ஒரு பங்கு வந்து எதைத் திருத்தும்? அந்தப் பெட்டி இதைவிட வலுவாகவே புலத்தை உண்டாக்கட்டும். அப்போதும் நம் தமிழ்நாட்டில் எங்கும் நிற்கும் பூமியின் காந்தப்புலமே சுமார் 40 மைக்ரோடெஸ்லா, அதாவது 4 கோடி பிகோடெஸ்லா. அதில் இத்தனை வருடமாக மூழ்கிக் கிடக்கும் ஸ்பீக்கருக்கு இது உறைக்குமா?

பெட்டியைச் சென்னை ரிச்சி தெருவில் எனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் கொண்டுபோய்த் திறந்தேன். அலுமினிய மூடி நல்ல கனம். கனத்துக்காகவே அடியில் ஓர் இரும்புத் தகடு. உள்ளே உள்ளங்கையளவு சர்க்யூட் பலகை, அதன்மேல் செம்புக் கோடாகவே அச்சிட்ட ஒரு சுருள், எண் சுரண்டப்பட்ட எட்டுக் கால் ஐசி, நீல எல்இடி. அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் மாட்டிப் பார்த்தால் வந்தது எட்டரை ஹெர்ட்ஸை ஒட்டிய ஒரு சதுர அலை. தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் வரை விளம்பரம் செய்தார்களே, அதையாவது சரியாகச் செய்திருக்கலாம். இதே மாதிரிப் பலகை ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மாமாவிடம் வாங்கியது 18,500. கூடவே கொடுத்த 5 வோல்ட் அடாப்டரில் பிஐஎஸ் என்ற இந்தியத் தர முத்திரை கிடையாது. "தம்பி, வீட்டு மின்இணைப்பில் இரைச்சலைச் சேர்ப்பதே இந்த மாதிரி மலிவு அடாப்டர்தான்" என்று மெக்கானிக் சிரித்தார்.

6,000 ரூபாய்க்கு விற்ற 'குவாண்டம் வளையம்' கம்ப்யூட்டர் கேபிளில் குண்டாகத் தெரியுமே, அந்த ஃபெரைட் வளையம்தான். அது ஏமாற்றுப் பொருள் அல்ல. மெகாஹெர்ட்ஸ் அளவிலான ரேடியோ இரைச்சலை உண்மையாகவே தடுக்கும். ஆனால் மாமா வீட்டில் கேட்ட 'ம்ம்ம்' போல வீட்டு மின்சாரத்திலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை அது ஒன்றும் செய்யாது. விலையும் பத்து இருபது ரூபாய்தான். இசைத்தட்டின் 'காந்தத்தை எடுக்கும்' கருவி ஒன்றையும் அடுத்த முறை கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். டேப் ரெக்கார்டரின் ஹெட்டுக்கு அது தேவைதான். வினைல் பிளாஸ்டிக்கில் காந்தம் ஏது?

4,000 ரூபாய் ஸ்டிக்கர்களைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். 'எதிர்மின் அயனி' என்று அச்சடித்து, ஃபியூஸ் பெட்டியில் ஒன்று, ஆம்ப்ளிஃபயரில் ஒன்று, மாமாவின் தலையணைக்கு அடியில் ஒன்று வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று உறையில் ஒரு வரி இல்லை. 5ஜி அலையிலிருந்து காக்கும் என்று இதே பாணியில் விற்கப்பட்ட பத்துப் பொருள்களில் கதிரியக்கம் இருப்பதாக நெதர்லாந்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பரில் எச்சரித்தது. அயனிப் பொடி என்று சொல்லி விற்கும் சிலவற்றில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த தாது இருக்கும். நம் மணவாளக்குறிச்சி மணலில் உள்ள மோனசைட்டும் அந்த வகைதான். மாமா வாங்கியதில் அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துவிட்டோம்.

திறப்பதற்கு முன்பே ஒரு சோதனையும் செய்தோம். பெட்டியைத் துணிப்பைக்குள் போட்டு சோபாவுக்குப் பின்னால் வைத்து, நாணயத்தைச் சுண்டிப் பார்த்து என் தங்கை அதை இயக்கினாள் அல்லது அணைத்தாள்; வால்யூம் குமிழை யாரும் தொடவில்லை. இயங்குகிறதா இல்லையா என்று மாமா சொல்ல வேண்டும். பாதிக்குப் பாதிதான் சரியாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலும் அதுதான் வந்திருக்கும்.

இரைச்சலுக்குக் காரணம்? டர்ன்டேபிளிலிருந்து ஆடியோ கம்பியோடு ஒரு மெல்லிய எர்த் கம்பியும் வரும், நுனியில் கவை போன்ற தகடு. ஆம்ப்ளிஃபயரின் பின்னால் 'ஜிஎன்டி' என்று எழுதிய திருகில் அதை முடுக்க வேண்டும். வெள்ளையடிக்க அலமாரியை நகர்த்தியபோது அது கழன்று, சுவரோரம் தூசியில் தொங்கிக்கொண்டிருந்தது. திருகை முடுக்கியதும் இரைச்சல் நின்றது. வீட்டுக்கு வந்த அந்த ஆள் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் வீட்டிலும் இரைச்சல் இருந்தால் முதலில் இந்தத் திருகு, அடுத்து பிளக்கின் எர்த், பிறகு டிவியின் கேபிள் இணைப்பைக் கழற்றிப் பார்ப்பது என்று வரிசையாகப் போங்கள். செல்போனை ஆம்ப்ளிஃபயர்மேல் வைக்காதீர்கள். 'டிட்டிட்டிட்' என்று கேட்பது அதுதான்.

பணத்தைக் கேட்டுப் போனபோது கடையில் முதலில், "மாதம் முடியவில்லையே, பெட்டி இன்னும் பழகவில்லை" என்றார்கள். மாதம் முடிந்தபின், "15 நாள் தாண்டிவிட்டதே" என்றார்கள். பில் கேட்டால், கொடுத்தது வெறும் 'எஸ்டிமேட்' சீட்டு. அதில் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, பொருளின் பெயரும் இல்லை. நல்லவேளையாக மாமா யுபிஐ மூலம் பணம் அனுப்பியிருந்தார். பெட்டி இரைச்சலை நீக்கும் என்று கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் அழியாமல் இருந்தது.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். கடை பதில் தரவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். இதே போன்ற பெட்டியை வாங்கியவர்கள் ஆத்திரத்தில் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உறை, அடாப்டர், சீட்டு, வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் அப்படியே வைத்திருங்கள்; பெட்டியைத் திறப்பதாக இருந்தால் திறப்பதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மனுவில் அந்த வீடியோவும் இணைப்பாக இருக்கிறது.