பயிற்சிக்கென்று தனிச் சக்கரங்கள் தேவையா?
சக்கரத்தின் விளிம்பையே (ரிம்) கட்டையால் அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக் கொண்ட ரோடு பைக்கில், அதாவது சாலைப் பந்தய வகை சைக்கிளில், பந்தயத்துக்கான கார்பன் சக்கரங்களையே தினசரிப் பயிற்சிக்கும் ஓட்டுவது சிக்கனமாகத் தோன்றலாம். ஆனால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பிரேக் கட்டையோடு ரிம்மும் தேய்கிறது, மழை நாளில் கட்டையில் ஒட்டும் மணல் அதை இன்னும் வேகமாக அரைக்கிறது. அலுமினிய ரிம் கொண்ட இரண்டாவது ஜோடி, எடை சற்றுக் கூடினாலும், அந்தத் தேய்மானத்தைத் தாங்கிக்கொள்ளும் என்பதால், தயங்காமல் வாங்குங்கள் என்றே சொல்வேன்.

அதில் சிரமமும் உண்டு. சக்கரத்தை மாற்றும்போது கட்டைகளையும் மாற்றியாக வேண்டும். பழைய கட்டையை விரல் நகத்தால் தடவினால் அதில் பதிந்திருக்கும் அலுமினியத் துகள்கள் தட்டுப்படும், அவை கார்பனைக் கீறிவிடும். இரண்டாவது பின்சக்கரத்துக்கெனப் புதிய கேசட் (பின்சக்கரப் பற்சக்கரத் தொகுதி) போட்டால், ஏற்கெனவே தேய்ந்த செயின் அதில் பல் தாவவும் கூடும்.

டிஸ்க் பிரேக் பைக்கில் கட்டை பிடிப்பது சக்கரத்தின் நடுவிலுள்ள தட்டை என்பதால், பிரேக்கால் ரிம் தேய்வதில்லை. அங்கே ஒரே ஜோடி போதும், மிஞ்சும் பணத்தில் நல்ல 28 மி.மீ. டயர்கள் வாங்கலாம்.