ஏற்காட்டுக் கற்கோடரியைத் தேடி: இணைய அருங்காட்சியகத் தளங்கள், ஓர் ஒப்பீடு

சேலத்திலிருந்து எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்வர ஓர் இரவுப் பயணமும் ஒரு முழுப் பகலும் தேவைப்படுகின்றன. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்து வாசலில் போய் நின்றால் அந்தப் பகலும் வீண். டெல்லிக்கோ கொல்கத்தாவுக்கோ போவதென்றால் ஆண்டு விடுப்பில் பாதி கரைந்துவிடும். ஆகவே, வீட்டில் உட்கார்ந்தபடி இந்நாட்டு அருங்காட்சியகங்களைப் பார்க்க உதவும் தளங்களில் எது எதற்கு ஏற்றது என்பதை அறிய, ஏற்காட்டுப் பக்கம் கிடைத்த புதிய கற்காலக் கோடரி உட்படச் சில பொருள்களைச் சில வாரங்களாகப் பல தளங்களில் தேடிப் பார்த்தேன். கல்லூரியில் வரலாறு படிக்கும் என் அக்காள் மகளும் சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் தன் மடிக்கணினியோடு துணைக்கு உட்கார்ந்தாள். எங்கள் தேவைகள் மாறுபட்டவை என்பதால் முடிவுகளும் மாறுபட்டன.

முதலில் இரண்டு பெரிய தளங்கள். மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் ‘மியூசியம்ஸ் ஆஃப் இந்தியா’ தளம், புனேயிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘ஜதன்’ என்னும் மென்பொருளின் மேல் நிற்பது. டெல்லி தேசிய அருங்காட்சியகம், கொல்கத்தா இந்திய அருங்காட்சியகம், விக்டோரியா நினைவகம், ஐதராபாத் சாலார் ஜங், அலகாபாத் அருங்காட்சியகம், நவீனக் கலைக்கூடங்கள் மூன்று, கோவாவிலும் நாகார்ஜுனகொண்டாவிலும் உள்ள தொல்லியல் துறை அருங்காட்சியகங்கள் எனப் பத்து நிறுவனங்களின் சேகரிப்பை ஒரே தேடுபெட்டிக்குள் கொண்டுவர எழுந்த முயற்சி அது. ‘கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர்’ 2011 பிப்ரவரியில் 17 அருங்காட்சியகங்களோடு தொடங்கியது. அடுத்த ஆண்டே டெல்லியின் தேசிய அருங்காட்சியகமும் நவீனக் கலைக்கூடமும் அதில் சேர்ந்தன.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மொகஞ்சதாரோவின் ‘நடன மங்கை’யை வைத்தே புரிந்துகொள்ளலாம். பாடநூலில் பார்த்துப் பழகியவர்கள் அதை முழ உயரச் சிலையாக நினைத்திருப்பார்கள். அரசுத் தளத்தின் பதிவில் முதலில் கண்ணில் படுவது அளவு: 10.5 சென்டிமீட்டர், அதாவது உள்ளங்கையில் படுத்துக்கொள்ளும் உருவம். அதோடு உலோகம், காலம், கிடைத்த இடம், அருங்காட்சியகம் அதற்கு இட்ட சேர்க்கை எண் ஆகியவை ஒரு பதிவேட்டின் பக்கம்போல் வரிசையாக நிற்கின்றன. படம் மட்டும் சிறியது. குறிப்பெடுப்பதற்குப் போதும், அகலத் திரையில் விரித்துப் பார்ப்பதற்குப் போதாது. கூகுள் தளத்தின் பலமோ பெரிதாக்கிப் பார்ப்பதில் இருக்கிறது. 2020-ல் தேசிய அருங்காட்சியகத்தின் சிற்றோவியங்களை அது வெளியிட்டபோது, வெறும் கண்ணுக்கு ஒரு புள்ளியாகத் தெரியும் யானையின் கண்ணிமையில் தூரிகை எத்தனை முறை போய்வந்தது என்று எண்ணிவிடும் அளவுக்கு நெருங்கிச் செல்ல முடிந்தது. இந்த விஷயத்தில் அதற்கு ஈடு வேறில்லை.

ஆனால் கூகுள் தளத்தில் நாம் பார்ப்பது யாரோ தேர்ந்து கோத்துக் கொடுத்த மாலை. நல்ல பூக்கள்தாம், இருந்தாலும் கூடையில் மிச்சம் என்ன இருக்கிறது என்பது தெரிவதில்லை. தேசிய அருங்காட்சியகத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. எந்தக் கதைத்தொகுப்பும் அவற்றில் ஒரு சிறு பங்கைத்தான் தொட முடியும். பதிவேட்டு முறையில் அமைந்த தளத்தில் அழகற்ற பானை ஓட்டுக்கும் ஒரு பக்கம் உண்டு. அக்காள் மகள் கூகுளை விரும்பினாள். நான் பதிவேட்டை விரும்பினேன். வயதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இணையத்தில் ‘நடந்து பார்க்கும்’ வசதியைப் பற்றி ஒரு சொல். கூடத்துக்குள் அம்புக்குறியை அழுத்தி நகர்வது முதல் ஐந்து நிமிடங்களுக்குச் சுவையானது. காட்சிப்பேழைக் கண்ணாடியில் விளக்கொளி பட்டு, கீழேயுள்ள பெயரட்டையின் எழுத்துகள் கலங்கிப்போகும்போது அந்தச் சுவை வடிந்துவிடுகிறது. ஒரு சிறிய அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில், பெயர் வேண்டாம், ஒரே கூடத்தை முக்கால் மணி நேரம் சுற்றியும் ஒரு பெயரட்டையைக்கூட என்னால் படிக்க முடியவில்லை.

அடுத்து, சோழர் செப்புத் திருமேனிகள். இங்கேதான் மேற்கண்ட இரண்டு தளங்களின் எல்லையும் வெளிப்படுகிறது. புதுக்கோட்டை வட்டாரத்துத் திருவரங்குளத்திலிருந்து போன சதுர தாண்டவ நடராசர் டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருப்பதால், அவரைத் தேட மத்திய அரசுத் தளம் பொருத்தமான இடம். திருவாலங்காட்டு நடராசரோ எழும்பூரின் வெண்கலக் கூடத்தில் இருப்பவர். 1851-ல் தொடங்கிய அந்த அருங்காட்சியகம் மாநில அரசுடையது என்பதால் மேற்சொன்ன பத்தில் ஒன்றாக இல்லை. அவருக்கு விக்கிமீடியா காமன்ஸ்தான் கைகொடுக்கிறது. பார்வையாளர்கள் எடுத்து ஏற்றிய படங்கள் என்பதால் தரம் ஏறியிறங்கும். ஒன்றில் தலை வெட்டுப்பட்டிருக்கும், இன்னொன்றில் எதிர்ச்சுவரின் குழல்விளக்கு கண்ணாடியில் தெரியும். ஆனால் பதிவிறக்கவும், உரிமக் குறிப்பின்படி எடுத்தவர் பெயரைப் போட்டு அச்சிடவும் தடையில்லை. கூகுள் தளத்தின் உயர்தரப் படங்களுக்குப் பதிவிறக்கப் பொத்தானே கிடையாது. பள்ளிக் கண்காட்சிக்கு அட்டை தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு இந்த ஒரு வேறுபாடே முடிவைச் சொல்லிவிடும்.

பெயரைத் தட்டச்சு செய்வதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ‘திரு’ என்று தொடங்கும் ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘டி’ எழுத்துக்குப் பின் ‘எச்’ சேர்த்து ஒரு முறையும் சேர்க்காமல் ஒரு முறையும் தேட வேண்டும். பழைய பதிவுகள் பெரும்பாலும் ‘எச்’ இல்லாதவை.

இப்போது என் சொந்தத் தேடலுக்கு வருகிறேன். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் என்பது பலருக்குத் தெரியும். ஓய்வுக்குப் பின் அவர் ஏற்காட்டில் வாழ்ந்தார் என்பதும், 1912-ல் கொல்கத்தாவில் இறந்த அவருடைய நினைவிடம் ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது என்பதும், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏரியில் படகு விட்டுத் திரும்புகிறவர்களில் அநேகருக்குத் தெரியாது. ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையில் கிடைத்த வழவழப்பான புதிய கற்காலக் கோடரிகளும் அவருடைய சேகரிப்பில் அடக்கம். நம் பக்கத்து மலைகளில் இப்படிப்பட்ட கற்களைப் பிள்ளையாராக வைத்து வழிபட்டிருக்கிறார்கள்; கையடக்கமாக, ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் இருக்கும் கருங்கல்லை நிமிர்த்தி வைத்துப் பார்த்தால் அதன் காரணம் விளங்கும். அந்தச் சேகரிப்பு முழுவதையும் 1904-ல் எழும்பூரிலுள்ள அதே சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. ஒரு கல்லையாவது திரையில் பார்த்துவிட வேண்டும் என்பதே என் ஆசை.

கூகுளிலும் மத்திய அரசுத் தளத்திலும் என் கைக்கு எதுவும் அகப்படவில்லை. ஐந்தாவது நாள் இன்டர்நெட் ஆர்க்கைவில், சென்னை அருங்காட்சியகமே 1914-ல் அச்சிட்ட ஃபூட் சேகரிப்பின் விளக்க அட்டவணை அகப்பட்டது. அது அருங்காட்சியகத் தளம் அன்று. பழைய நூல்களை வருடி (ஸ்கேன் செய்து) வைத்திருக்கும் இணைய நூலகம். ஆயினும் எனக்கு வேண்டியது அங்கேதான் இருந்தது: மாவட்டவாரியாக, ஊர்வாரியாக, ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் எண். சேலம் மாவட்டப் பகுதியில் நமக்குப் பழகிய மலைப்பெயர்களை நூறாண்டுக்கு முந்தைய எழுத்துக்கூட்டலில் படித்தபோது கிடைத்த நிறைவை எந்தப் பளபளப்பான படமும் எனக்குத் தந்ததில்லை. பழைய அச்சை இயந்திரம் எழுத்தாக மாற்றும்போது ஊர்ப்பெயர்கள் சிதைவதால், தேடுபெட்டியை நம்பாமல் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும் என்பது மட்டுமே குறை.

ஐஐடி பம்பாயும் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கி 2019 டிசம்பரில் வெளியான ‘இந்தியன் கல்ச்சர்’ தளமும் அரிய நூல்களையும் அருங்காட்சியகப் பொருள்களையும் ஒரே இடத்தில் வைக்கிறது. நூலும் பொருளும் சேர்ந்து வேண்டும் என்பவர்கள் அங்கே தொடங்கலாம். பெங்களூரின் ‘மேப்’ என்னும் கலை, நிழற்பட அருங்காட்சியகம் கட்டடம் திறப்பதற்கு முன்பே, 2020 டிசம்பரில், இணையத்தில் தொடங்கியது. நவீன ஓவியமும் நிழற்படமும் விரும்புகிறவர்களுக்கு நல்ல வரவு. எனக்கு அதில் வேலை குறைவு.

தமிழில் படிக்க விரும்புகிறவர்களுக்கு மேற்கண்டவை எவையும் முழு விடையாகா. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் ‘தகவலாற்றுப்படை’ இங்கே தனித்து நிற்கிறது: சிற்பம், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், அகழாய்வு என்று பிரித்து, தமிழிலேயே தேடித் தமிழிலேயே படிக்கும்படி அமைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டோடு அதன் எல்லை முடிகிறது என்றாலும், ‘நடுகல்’ என்று தமிழில் தட்டினால் நடுகல்லே வரும் வசதியைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது.

வேகத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கூகுளின் பெரிதாக்கும் படங்கள் துண்டு துண்டாக வந்து கூடுபவை. அஸ்தம்பட்டியில் கண் சிமிட்டும் நேரத்தில் தெளியும் படம், மலைமேல் கைப்பேசி இணைப்பில் மங்கலாகவே நெடுநேரம் நிற்கும். ஏற்காட்டில் இருப்பவர்கள் 1914-ஆம் ஆண்டு நூலைப் போன்றவற்றைக் கீழே வரும்போது பதிவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

அக்காள் மகள் தன் கட்டுரைக்குக் கூகுளில் பார்த்த சிற்றோவியங்களையே எடுத்துக்கொண்டாள். நான் ஃபூட் அட்டவணையின் சேலம் மாவட்டப் பக்கங்களை அச்செடுத்து, சேர்வராயன் மலைக் கற்களின் எண்களை மட்டும் சிவப்பு மையால் சுழித்து வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் எழும்பூருக்குப் பயணச்சீட்டு எடுத்தாயிற்று, சனிக்கிழமைக்கு.