ரெண்டு வருஷமா ஸ்ட்ராவும் டம்ளர் தண்ணியும்: வாங்கலாமான்னு கேட்டவளுக்கு

மாயவரத்துல என்னை மாதிரியே டீச்சரா இருக்கற ஃப்ரெண்ட் நேத்து கேட்டா, "நீ தொண்டைக்கு ஸ்ட்ரா வச்சு ஏதோ பண்ணுவியே, ஸ்டீல் ஸ்ட்ரா செட் விலை குறைஞ்சிருக்கு, வாங்கவாடி?"ன்னு. பதில் நீளமா போயிடுச்சு.

ரெண்டு வருஷம் முன்னாடி பாடும்போது மேல் ஸட்ஜத்துக்கு, அதாவது உச்ச 'ஸ'வுக்குப் போனா வெறும் காத்துதான் வந்துது. கும்பகோணத்துல இஎன்டி டாக்டர் கேமரா விட்டு, குரல் நாண்ல ரெண்டு பக்கமும் சின்ன முடிச்சு இருக்கறதைக் காட்டினார். ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்லிக் குடுத்ததுதான் இந்த ஸ்ட்ரா. நுனி ரெண்டு விரக்கடை தண்ணில முங்கணும், உதட்டை நல்லா மூடிக்கிட்டு 'ஊ'ன்னு மெதுவா குரல் விடணும். குழாய் குறுகல்ங்கறதால காத்து கொஞ்சம் திரும்பி அழுத்தும், நாண் ரெண்டும் முட்டி மோதாம லேசா அதிரும். எனக்கு சுருதி 5 கட்டை, மத்ய ஸட்ஜத்துலயே, அதாவது நடு 'ஸ'லயே, நாண் செகண்டுக்கு 196 தடவை அதிரணும், மேல் ஸட்ஜத்துல 392. இது தெரியாம சின்ன வயசுல பாட்டு க்ளாஸ்ல "கத்திப் பாடு, அப்பதான் தொண்டை திறக்கும்"னு சொன்னதை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்தக் குமிழ்தான். சரளி வரிசையை, அதான் பாட்டு க்ளாஸ்ல முதல்ல சொல்லிக் குடுக்கற ஸ-ரி-க-ம வரிசையை, ஸ்ட்ராவுலயே பாடிப் பாரு, மேல போறவரைக்கும் குமிழ் ஒரே சீரா கொப்புளிக்கும், இறங்கும்போது ரிஷபம் ('ரி') வந்ததும் திக்கித் திக்கி வரும். இத்தனை வருஷம் எங்க மூச்சைத் தளர விடறேன்னு காதுக்குத் தெரியல, கண்ணுக்குத் தெரிஞ்சுது. பேப்பர் ஸ்ட்ரா மட்டும் வேணாம், அஞ்சு நிமிஷத்துல ஊறி வாயில ஒட்டும். அம்மா வீட்டுக் கொல்லைல பப்பாளிக் காம்பை நறுக்கியும் பாத்தேன், பால் பட்டு உதடு எரிஞ்சுது.

திருவையாறு தியாகராஜர் ஆராதனைல கூட்டத்தோட உக்காந்து பஞ்சரத்ன கீர்த்தனை அஞ்சையும், நாட்டை ராகத்துல ஆரம்பிச்சு ஸ்ரீ ராகம் வரைக்கும், பாடிட்டு வந்தேன், மறுநாள் குரல் கம்மாம அப்படியே இருந்துது. பஸ்ல வரும்போதே சந்தோஷத்துல அழுகை வந்துடுச்சு.

ஆனா வாங்காத. ஆமா, கோவத்துலதான் சொல்றேன். காலைல இருபது நிமிஷம் பண்ணி சேத்து வச்சதை ஆறு பீரியட் தின்னுடுது. 50 பிள்ளைங்க, தலைக்கு மேல ஃபேன் சத்தம், நாலாவது பீரியட்ல கனைக்க ஆரம்பிச்சா ஒவ்வொரு கனைப்புக்கும் நாண் ரெண்டும் பட்டுனு அடிச்சுக்கும். ஸ்டாஃப் ரூம்ல ஆளாளுக்கு மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தைன்னு நீட்டறாங்க, இதமா இருக்கும்தான், ஆனா முழுங்கறது எதுவும் நாண் மேல படறதே இல்ல. அந்த செட்டுக்குக் குடுக்கற காசோட இன்னும் கொஞ்சம் போட்டு இடுப்புல மாட்டற மைக் வாங்கு. ஸ்கூல்ல மைக் கேட்டு ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேன், பதிலே இல்ல, போன மாசம் நானே வாங்கிட்டேன்.

ஸ்ட்ரா என்கிட்ட ரெண்டு இருக்கு, வந்தா ஒண்ணு தரேன். அதுக்கு முன்னாடி கேமரா விட்டு ஒரு தடவை பாத்துடு, மூணு வாரமா குரல் கம்மியிருக்குன்னு நீதான சொன்ன.