செல்ஃப் எடுக்காத காரும் ஒரு திருநெல்வேலி எலக்ட்ரீஷியனும்

பொங்கலுக்குப் பாளையங்கோட்டை வந்த விடுமுறையில் பாதி தம்பியின் கார் பின்னாலேயே போயிற்று. 2024-இல் ஒரு கன்சல்டிங்கில், அதாவது பழைய கார் விற்கும் இடத்தில், வாங்கியது. நாலு வருஷம் ஓடிய பெட்ரோல் வண்டி. பெயிண்ட் பளபளப்பு, டயர் புதுசு, ஏசி ஜில்லென்று வரும். காலையில் ஸ்டார்ட் ஆகாது, அது ஒன்றுதான் குறை. ஊருக்கு வந்து பழைய கார் வாங்கலாம், இல்லை வீட்டில் நிற்கும் காரை எடுத்து ஓட்டலாம் என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரியும். ஹாரன் கணீரென்று கேட்கும். ஆனால் செல்ஃப் எடுக்காது, ஒரு 'டிக்' சத்தம்கூட வராது. சாவிப் படம் போட்ட சின்ன விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கும். வெயில் ஏறி மதியமானால் அதே வண்டி ஒரு திருப்பில் ஸ்டார்ட் ஆகிவிடும்.

தெருவில் எல்லாருடைய தீர்ப்பும் பேட்டரி. தம்பியும் அதை நம்பி, நான் வருவதற்கு முன்பே புது பேட்டரி மாற்றியிருந்தான். பேட்டரி படுத்திருந்தால் ஹெட்லைட் மங்கும், செல்ஃப் அடிக்கும்போது 'டக்டக்டக்' என்று ரிலே துடிக்கும். இங்கே இரண்டும் இல்லை. மீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட், அதாவது முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர் வீட்டில் இருந்தால் இந்தப் பேட்டரிச் செலவு மிச்சமாகியிருக்கும்.

திருச்செந்தூருக்குக் கிளம்பிய அன்று வண்டி முற்றிலும் மறுத்துவிட்டது. நாங்கள் பஸ்ஸில் போய்விட்டோம். திரும்பி வந்ததும் இன்சூரன்ஸில் சேர்த்திருந்த ரோட்சைடு உதவிக்கு போன் செய்தோம். இதைப் பாராட்டியே ஆக வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஆள் வந்தார், ஜம்ப் கொடுத்துப் பார்த்தார், சரிவரவில்லை என்றதும் பேச்சை வளர்க்காமல் வண்டியைத் தட்டு லாரியில் ஏற்றிக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் இறக்கிவிட்டார். தனியாக ஒரு பைசா கேட்கவில்லை. இங்கிலாந்தில் இதே வேலைக்கு மழையில் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறேன்.

சர்வீஸ் சென்டரில் காபி கொடுத்தார்கள், வாட்ஸ்அப்பில் வரிவரியாக எஸ்டிமேட் அனுப்பினார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. ஸ்கேனரைச் செருகிய கையோடு அட்வைசர் சொன்னார்: "யூ-0100 கோடு வருது சார். இ.சி.எம். போயிருச்சு." இ.சி.எம். என்பது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி. புதுப் பெட்டி, புரோகிராமிங், இரண்டு சாவிகளையும் மறுபடி பதிவது எல்லாம் சேர்த்து 55,000 ரூபாய்க்கு மேல். எலக்ட்ரிக்கல் சாமான் என்பதால் மாட்டிய பிறகு ரிட்டர்ன் கிடையாது. பெட்டியை மாற்றியும் வண்டி எடுக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அடுத்து ஒயரிங் பாப்போம் சார்" என்றார். ஐம்பத்தைந்தாயிரத்தைச் செலவழித்த பிறகுதான் ஒயரைப் பார்ப்பார்களாம்.

இப்போதைய காரில் எஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர், பிரேக்குக்கு ஒன்று, மீட்டர் போர்டுக்கு ஒன்று, கதவு, விளக்குகளுக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு. இவை ஒன்றோடொன்று பேச, பின்னிவிட்ட இரண்டு மெல்லிய ஒயர்கள் வண்டி முழுக்க ஓடுகின்றன. கேன் லைன் என்பார்கள். போஷ் கம்பெனி 1986-இல் கொண்டுவந்த ஏற்பாடு. எஞ்சின் கம்ப்யூட்டரின் குரல் கேட்கவில்லை என்று மற்ற பெட்டிகள் புகார் சொல்வதுதான் யூ-0100. அது ஏன் கேட்கவில்லை என்பது கோடில் இருக்காது. கரண்ட் வராமல் இருக்கலாம், எர்த் விட்டிருக்கலாம், நடுவில் ஒயர் அறுந்திருக்கலாம், பெட்டியே போயிருக்கலாம். இந்த நாலில் விலை கூடியதைத்தான் அவர்கள் முதலில் எடுத்தார்கள். சாவி விளக்கு மினுக்கியதற்கும் இதுவே காரணம். சாவிக்குள் இருக்கும் சிப் சரியானதுதான் என்று ஒரு பெட்டி இன்னொரு பெட்டிக்குச் சொன்னால்தான் செல்ஃபுக்கு அனுமதி. அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

இன்ஸ்பெக்‌ஷன் சார்ஜைக் கட்டிவிட்டு, மதிய வெயிலில் ஸ்டார்ட் ஆன நேரம் பார்த்து வண்டியை வீட்டுக்கே ஓட்டி வந்தோம். தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி மூலம் ஓர் எலக்ட்ரீஷியன் கிடைத்தார். ஐ.டி.ஐ. படித்தவர், முப்பது வயதுக்குள் இருப்பார். பைக்கில் ஒரு பை, அதில் டெஸ்ட் லேம்ப், மல்டிமீட்டர், பழைய லேப்டாப். எஸ்டிமேட்டைப் படித்துவிட்டு, "போன் போட்டு எடுக்கலைன்னா ஆளு செத்துட்டாருன்னா அர்த்தம் அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு பானெட்டைத் திறந்தார்.

முதலில் இ.சி.எம்.மில் ஒயர்களைச் செருகும் கப்ளரைக் கழற்றி டெஸ்ட் லேம்ப் போட்டார். சப்ளையும் எர்த்தும் இரண்டுமே பளிச்சென்று வந்தன. பெட்டிக்குச் சாப்பாடு போகிறது, சரி. கப்ளரைத் திரும்ப மாட்டி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டுக்குக் குனிந்தார். ஸ்கேனர் செருகும் அதே சாக்கெட்தான். அதில் 6-வது, 14-வது பின்களுக்கு நடுவே மீட்டரை வைத்தார். கேன் லைனின் இரண்டு முனைகளிலும் 120 ஓம் வீதம் ஆளுக்கொரு ரெசிஸ்டர் இருக்கும். இரண்டும் லைனில் இருந்தால் மீட்டர் 60 காட்டும். காட்டியது 60.3. அவர் முகம் சுளித்தார். பிறகு இடது பக்க முன்சீட்டில் காலை வைக்கும் இடத்தில் ஓடும் ஒயர் கட்டை லேசாக இழுத்தார். 119.8. விட்டதும் 60. மறுபடி இழுத்தால் 119.8. லைனில் ஒரு முனை விட்டு விட்டுக் கழன்றுகொள்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

ஓரத்து பிளாஸ்டிக்கைக் கழற்றிக் கார்ப்பெட்டைத் தூக்கினார். அடியில் மாவுபோல் காய்ந்த வண்டல். தரையோடு ஒட்டி ஒரு வெள்ளைக் கப்ளர், அதைப் பிரித்தால் பின்கள் எல்லாம் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தன. ஒரு பின் பாதி தின்றுபோய் ஊசி முனை அளவுக்குத்தான் மிச்சம். ராத்திரிப் பனியில் ஈரம் கோத்துக்கொண்டு தொடர்பு விடும், வெயிலில் காய்ந்தால் ஒட்டும். எழுந்து போய் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். வழக்கமாக உள்ளே சுருண்டே கிடக்கும் பகுதியில் காவிக்கோடு ஒன்று தெரிந்தது.

"இது வெள்ளம் பாத்த வண்டிலா" என்றார்.

2023 டிசம்பர் 17, 18-ஐ இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷன் வரைக்கும் ஏறி வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். அன்று தண்ணீரில் நின்ற கார்களில் பல காப்பீட்டுக் கணக்கு முடிந்து, கழுவி, பாலிஷ் போட்டுக் கைமாறின. தம்பி காரும் அப்படி வந்ததுதான்.

இங்கிலாந்தில் காப்பீட்டு நிறுவனம் கைவிட்ட காருக்கு ஏ, பி, எஸ், என் என்று ஒரு வகை முத்திரை விழும். 2017 அக்டோபரிலிருந்து இந்த நாலு எழுத்துதான். கொஞ்சம் பணம் கட்டி இணையத்தில் வண்டி நம்பரைத் தட்டினால் வாங்குகிறவருக்குத் தெரிந்துவிடும். இங்கே அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாஹனில் ஆர்.சி., இன்சூரன்ஸ் தேதி, லோன் பாக்கி எல்லாம் உடனே வருகின்றன, நன்றாகவும் வேலை செய்கிறது. வெள்ளத்தில் நின்ற கதை அதில் வராது. ஆனால் பழைய ஓனரின் பாலிசி ஜெராக்ஸ் ஃபைலில் கிடந்தது. கிளெய்ம் செய்யாமல் ஒரு வருஷம் போனால் 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து வருஷத்தில் 50 வரை நோ கிளெய்ம் போனஸ் ஏறும். அதே ஓனரிடம் நாலு வருஷம் இருந்த காருக்கு 2024 பாலிசியில் பூஜ்யம் என்றால், முந்தின வருஷம் பெரும்பாலும் ஏதோ கிளெய்ம் போயிருக்கிறது. கன்சல்டிங்காரரிடம் கேட்டேன். "எங்களுக்கே அப்படித்தான் சார் வந்துச்சு" என்றார். பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பெயிண்டைத் தட்டிப் பார்ப்பதை விட்டு, பாலிசிக் காகிதத்தையும் சீட் பெல்ட்டையும் பாருங்கள்.

எலக்ட்ரீஷியன் அந்தக் கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு வேறு கப்ளர் மாட்டினார். கேன் ஒயர் இரண்டையும் சால்டர் வைத்து ஸ்லீவ் போட்டு, பழையபடி ஒன்றோடொன்று முறுக்கிவிட்டார். பக்கத்து எர்த் போல்ட்டை உப்புத்தாளால் தேய்த்தார். ஒயர் கட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்திக் கட்டினார். லேப்டாப்பில் கோடை அழித்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுத்தது, மறுநாள் பனியிலும் எடுத்தது. கூலி, சாமான் எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய் ஜிபேயில் போனது.

போகும்போது இன்னொன்றும் சொன்னார். ஏர்பேக் பெட்டி பெரும்பாலான கார்களில் கியருக்குக் கீழே தரையோடுதான் இருக்கும். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். விற்கிறவர்கள் அந்த விளக்கையே எரியாமல் செய்து வைப்பதும் உண்டு. தம்பி காரில் எரிந்து அணைகிறது. இருந்தாலும், "இதுல நான் கை வைக்க மாட்டேன், கம்பெனியிலேயே காட்டிக்கிடுங்க" என்றார். ஏர்பேக் விஷயத்தில் எனக்கும் அதே கருத்துதான். அடுத்த வாரம் அதே சர்வீஸ் சென்டரில் தம்பி நேரம் வாங்கியிருக்கிறான், இந்த முறை அந்த ஒரு வேலைக்கு மட்டும்.