கண்ணாடிச் சுவரா, கலங்கிய நீரா, வற்றிய கரையா?

சிங்கப்பூரில் கடல்வாழ் உயிரினங்களை அருகிலிருந்து பார்க்க விரும்பும் குடும்பத்துக்கு இன்று மூன்று வழிகள் உள்ளன. செந்தோசாவின் சிங்கப்பூர் ஓஷனேரியத்துக்குச் செல்லலாம். தெற்கே உள்ள புலாவ் ஹந்து தீவில் முக்குளிக்கலாம். அல்லது கடல் வற்றும் நேரம் பார்த்துச் சாங்கி, உபின் தீவின் செக் ஜாவா, பெரிய சிஸ்டர்ஸ் தீவு ஆகியவற்றின் கரையோரம் நடக்கலாம். இவற்றைக் கட்டணத்தை வைத்து ஒப்பிடுவதே வழக்கம். எந்த உயிரினத்தை, அது வாழும் இடத்திலேயே, எவ்வளவு நேரம் நிதானமாகப் பார்க்க முடிகிறது என்பதையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன்.

2012ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்பட்ட பழைய அக்குவேரியம், 2025 ஜூலையில் ஏறத்தாழ மூன்று மடங்கு பெரிதாகி ஓஷனேரியம் என்ற பெயரில் மீண்டும் திறக்கப்பட்டது. 36 மீட்டர் அகலமும் 8.3 மீட்டர் உயரமும் கொண்ட அதன் பெரிய கண்ணாடிப் பலகத்தின் முன் சுறாவும் திருக்கையும் கடந்து செல்வதைக் காண்பதற்கு நிகரான காட்சி இந்தத் தீவில் வேறெங்கும் இல்லை. மழையோ வெயிலோ தடையில்லை. சக்கர நாற்காலியில் வரும் தாத்தாவும் தள்ளுவண்டியில் உறங்கும் குழந்தையும் ஒன்றாகச் செல்லலாம். ஊரிலிருந்து முழங்கால் வலியோடு வந்திருக்கும் அத்தையைச் சேற்றில் நடக்கவைப்பதைவிட இங்கே அழைத்துச் செல்வதே முறை. ஆயினும், சிங்கப்பூரைச் சூழ்ந்த கடலில் ஏறக்குறைய 250 வகைக் கடினப் பவளங்கள் வாழ்கின்றன என்பதை உணராமலேயே ஒருவர் அங்கிருந்து வெளியே வந்துவிடக்கூடும்.

கட்டணம் செலுத்தி ஓங்கில்களை (டால்பின்களை) தொட்டுப் பார்க்கும் நிகழ்ச்சிகளை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. குறித்த நேரத்தில் சைகைக்குக் கட்டுப்பட்டு வரும் விலங்கிடம் பார்க்க வேண்டியதைவிடக் கேட்க வேண்டியதே அதிகம். தென்தீவுகளுக்குச் செல்லும் படகிலிருந்து ஒரு காட்டு ஓங்கிலின் இளஞ்சிவப்பு முதுகு சில நொடிகள் தெரிந்தால், அதை நற்பேறாகக் கொள்ளலாம்.

ஹந்துவில் முக்குளிப்பதற்குப் பயிற்சியும் சான்றிதழும் வேண்டும். நீரோட்டம் தணியும் நேரத்துக்குக் காத்திருக்கவும் வேண்டும். அத்தனைக்கும் பிறகு, பல நாள்களில் இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரிவதில்லை. பல பத்தாண்டுகளாக நடந்த நிலமீட்பும் கடலடித் தூர்வாருதலும் கிளப்பிய வண்டல் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கிறது. ஆனால் கண்ணுக்கு எட்டும் தூரம் குறையும்போது கவனம் கூர்மையாகிறது. விரல் நகம் அளவே உள்ள, ஓடற்ற வண்ணக் கடல் நத்தைகளைத் தேடிப் பார்ப்பவர்கள் மலேசியாவின் தியோமான் தீவின் தெளிந்த நீரைவிட ஹந்துவையே விரும்புவதற்குக் காரணம் அதுதான். சிங்கப்பூரில் முற்றிலும் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட, பெரிய கிண்ணம் போன்ற நெப்டியூன் கடற்பஞ்சு 2011இல் செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு அருகே மீண்டும் கண்டறியப்பட்டதும் இந்தக் கலங்கல் நீரில்தான்.

இதே கலங்கல்தான் மூன்றாவது வழிக்குச் சாதகமாகிறது. வெளிச்சம் ஆழத்துக்கு இறங்காததால் நமது பவளங்கள் பெரும்பாலும் மேல்மட்டத்திலேயே வளர்கின்றன. ஆகவே, கடல் நன்றாக வற்றும்போது, முக்குளிப்பவர் மங்கலாகக் காணும் பவளத்திட்டின் விளிம்பைக் கரையில் நடப்பவர் கணுக்கால் அளவு நீரில் தெளிவாகப் பார்க்கிறார். சாங்கிக் கரையில் கடற்புல்லுக்கு நடுவே நட்சத்திர மீனும் கடல் வெள்ளரியும் கம்பளம்போல் விரிந்த கடற்சாமந்தியும் கிடக்கும். அவற்றுக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. பேருந்துக் கட்டணமே செலவு. நான் முதலிடம் தருவது இதற்குத்தான்.

இந்த மூன்று கரைகளும் ஒன்றல்ல. செக் ஜாவாவைத் தூர்த்து நிலமாக்கும் திட்டம், இயற்கை ஆர்வலர்களின் முறையீட்டுக்குப் பின் 2001இன் இறுதியில் ஒத்திவைக்கப்பட்டது. சாங்கி முனையில் 12 பேர் சேர்ந்ததும் புறப்படும் படகில் ஏறி உபினை அடைந்தபின் மிதிவண்டியிலோ கால்நடையாகவோ அங்கே செல்ல வேண்டும். வழிகாட்டியின்றி வருபவர்கள் மரப்பாலத்தைவிட்டு இறங்க அனுமதியில்லை. பார்வை நேரமும் காலை எட்டரை மணிக்குத்தான் தொடங்குகிறது. ஆண்டின் நடுப்பகுதியில் கடல் மிகவும் வற்றுவதோ பெரும்பாலும் விடியலுக்கு முன். 2024 அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்ட பெரிய சிஸ்டர்ஸ் தீவுக்கு மரினா சவுத் படகுத்துறையிலிருந்து செல்ல வேண்டும். பவளத்தைப் பொறுத்தவரை மூன்றில் அதுவே சிறந்தது. ஆனால் படகு புறப்படும் நேரமும் கடல் வற்றும் நேரமும் ஒத்துவராத நாளில் சென்றால் அழகிய கடற்கரை மட்டுமே மிஞ்சும்.

எங்கே சென்றாலும் ஓதஅட்டவணையில், அதாவது கடல் ஏற்ற இறக்க அட்டவணையில், நீர்மட்டம் 0.4 மீட்டருக்குக் கீழே இறங்கும் நாளைத் தேர்ந்தெடுத்து, அந்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கரையில் இருப்பது நல்லது. கல்மீனின் முள் நச்சுள்ளது என்பதால் மூடிய காலணி கட்டாயம். வாளியும் வலையும் வீட்டிலேயே இருக்கட்டும். பிள்ளைகள் நட்சத்திர மீனைத் தூக்கிப் படமெடுக்க விரும்பினால், அதைத் தூக்காமல் குனிந்து படமெடுக்கச் சொல்லுங்கள். டிசம்பர் விடுமுறையில் வற்றம் பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ வருவதால் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது வசதி. அப்போது கைவிளக்கு வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால், மின்னல் தெரிந்தவுடன் திறந்த மணல்திட்டைவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.